எடையில்லாத சிற்பம்

2014 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு மேசை ஏலத்துக்கு வந்தது. ரோஸ்வுட் மரத்தில் செதுக்கிய கால்கள், மேலே கண்ணாடி. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் முதல் தலைவரான கோங்கர் குட்இயரின் வீட்டுக்காக 1939-இல் இசாமு நொகுச்சி என்ற சிற்பி செய்து கொடுத்தது அது. பிலிப்ஸ் ஏல நிறுவனம் அதை 44 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அதே நொகுச்சி வடிவமைத்த சிறிய காகித விளக்கு ஒன்றைச் சில நூறு டாலருக்கு இன்றும் கடையில் வாங்கலாம். மடித்து, தட்டையான பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஏலக் கணக்கில் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச இடமே இல்லை. ஒன்று அரிய பொருள், மற்றது இன்னும் உற்பத்தியில் இருக்கும் பொருள். ஆனால் வீட்டில் வைத்துப் புழங்கும் ஒரு பொருள் எந்த இடத்தில் சிற்பமாகிறது என்று கேட்டால், நான் விளக்கைத்தான் காட்டுவேன். நொகுச்சியின் வாழ்நாள் வேலையிலேயே அகாரி எனப்படும் இந்தக் காகித விளக்குகளுக்கு மிக உயர்ந்த இடம் உண்டு என்பது என் எண்ணம். காகிதம், மூங்கில், கம்பி, ஒரு பல்பு. பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது.

முதலில் பல்பையே எடுத்துக்கொள்வோம். மின்சார வெளிச்சத்தின் தொல்லை அது போதாமல் போவதில் இல்லை. மிகச் சிறிய இடத்திலிருந்து மிகுதியாக வருவதில்தான் இருக்கிறது. ஒரு சாதாரண பல்பின் குறுக்களவு சுமார் 6 சென்டிமீட்டர். அவ்வளவு வெளிச்சமும் அந்தச் சிறு பரப்பிலிருந்து புறப்படுவதால் கண் கூசுகிறது, நிழல்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் விழுகின்றன, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் கண்குழிகள் கறுத்துவிடுகின்றன. அதே பல்பை 55 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள காகித உருண்டைக்குள் வைத்தால், வெளிச்சம் புறப்படும் பரப்பு சுமார் 84 மடங்காகிறது. காகிதம் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். மீதி அந்தப் பெரும்பரப்பு முழுவதும் பரவிவிடுகிறது. நிழலின் ஓரம் கரைகிறது. விளக்கை நேராகப் பார்த்தாலும் கண் சுருங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நல்ல விளக்கு வடிவமைப்பாளர்கள் எல்லாரும் இந்தச் சிக்கலோடு மோதியவர்கள்தாம். டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் பல்பை மறைத்தார். 1958-இல் கோபன்ஹேகனில் ஓர் உணவகத்துக்காக அவர் செய்த ஆர்டிசோக் விளக்கில் 72 உலோக இதழ்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது, இதழ்களில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் வெளியே வரும். இத்தாலியின் காஸ்திலியோனி சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். 1962-இல் வந்த அவர்களுடைய ஆர்கோ விளக்கு, கூரையில் துளை போடாமலே சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது. எஃகு வளைவு ஒன்று தரையிலிருந்து எழும்பி மேசையைத் தாண்டி வந்து தொங்க, மறுமுனையில் 60 கிலோவுக்கும் மேற்பட்ட கராரா பளிங்குக் கல் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கல்லில் ஒரு துளை. துடைப்பக் கம்பைச் செருகி இரண்டு பேர் தூக்கி நகர்த்துவதற்காக வைத்தது. இப்படி யோசித்துச் செய்த பொருளைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஹென்னிங்சனிடம் விளக்கு என்பது வெளிச்சத்தை ஒழுங்கு செய்யும் கருவி. காஸ்திலியோனிகளிடம் அது வெளிச்சத்தைச் சுமந்து வரும் கருவி. இரண்டிலும் வெளிச்சம் வேறு, விளக்கு வேறு. நொகுச்சி இந்தப் பிரிவினையையே எடுத்துவிட நினைத்தார். சிற்பத்தின் உடலே வெளிச்சமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே வந்துவிட்டது.

1904-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர் அவர். தாய் லியோனி கில்மோர், அமெரிக்க எழுத்தாளர். தந்தை யோனே நொகுச்சி, ஜப்பானியக் கவிஞர். குழந்தைப் பருவம் ஜப்பானில், பள்ளிப் படிப்பு அமெரிக்காவில். 1927-இல் உதவித்தொகை பெற்றுப் பாரிஸுக்குப் போய் சிற்பி பிராங்குசியிடம் உதவியாளராக வேலை செய்தார். கல்லையும் உலோகத்தையும் தேய்த்துத் தேய்த்து, மேற்பரப்பே ஒளிரும்படி செய்யும் அந்தப் பட்டறையில் கற்றது அவரை விட்டுப் போகவில்லை.

அதன்பின் போர் வந்தது. 1942-இல் அமெரிக்க அரசு மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. நொகுச்சி நியூயார்க்வாசி, அவரை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் தானாகவே அரிசோனாப் பாலைவனத்தில் இருந்த போஸ்டன் முகாமுக்குள் போனார். அடைபட்ட மக்களுக்குப் பூங்காவும் விளையாட்டு இடமும் அமைத்துக் கொடுக்கலாம் என்று வரைபடங்கள் போட்டார். எதுவும் நிறைவேறவில்லை, உள்ளே போனது எளிதாகவும் வெளியே வருவது கடினமாகவும் இருந்தது. மாதக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு நியூயார்க்கில் மெக்டூகல் சந்திலிருந்த பட்டறைக்குத் திரும்பினார். திரும்பியதும் அவர் செய்யத் தொடங்கியவை லூனார் என்று பெயரிட்ட சிற்பங்கள். மேக்னசைட் என்ற ஒருவகைச் சிமெண்டில் மேடும் பள்ளமுமாக வார்த்து, குழிகளுக்குள்ளே மின்பல்புகளை மறைத்துவைத்தவை. பாலைவனத்தின் வெறுமையை நிலவின் தரையாக மாற்றி, அதற்குள்ளிருந்து வெளிச்சம் கசியவிட்டிருக்கிறார். அகாரியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜப்பானிய மரபின் நேரான தொடர்ச்சியாக மட்டும் அந்த விளக்குகளைப் பார்ப்பவர்கள் போஸ்டன் முகாமை விட்டுவிடுகிறார்கள்.

லூனார் வழியிலேயே செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கட்டடத்தின் கூரையையும் 1940-களின் பிற்பகுதியில் செய்தார். வளைந்து நெளியும் அந்தக் கூரை பின்னாளில் ஒரு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அண்மைக் காலத்தில்தான் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

ஆனால் மேக்னசைட் சிற்பத்துக்கு ஒரு குறை உண்டு. அது கனமானது, வீட்டில் இடம் மாற்றி வைக்க முடியாதது. எல்லாருக்கும் போய்ச் சேரக்கூடியதுமல்ல. அதே ஆண்டுகளில் தன் தங்கைக்காக அவர் செய்த மூன்று கால் உருளை விளக்கைப் பிறகு நோல் நிறுவனம் எடுத்து விற்றது. எளிமையான வடிவம் என்பதால் உடனே போலிகள் கிளம்பின. போலிகளோடு அவருக்கு இருந்த பகை பழையது. வேறொரு வடிவமைப்பாளருக்காக அவர் செய்து கொடுத்த மேசை மாதிரி, தான் முகாமில் இருந்தபோது அந்த மனிதரின் பெயரிலேயே விளம்பரமாக வந்ததைக் கண்டதாக அவர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1947 முதல் விற்ற காபி மேசை: ஒன்றுபோலவே உள்ள இரண்டு மரத்துண்டுகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதில் கோத்து, மேலே தடித்த கண்ணாடி வைத்த மேசை.

1951-இல் ஹிரோஷிமாவுக்குப் போகும் வழியில் நொகுச்சி கிஃபு நகரில் இறங்கினார். அமைதிப் பூங்காவை ஒட்டிய பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர்கள் வடிவமைக்கும் வேலை ஹிரோஷிமாவில் அவருக்குக் காத்திருந்தது. கிஃபுவில் நாகரா ஆற்றில் இரவில் படகு முனையில் தீ மூட்டி, பழக்கிய நீர்க்காகங்களைக் கொண்டு மீன்பிடிக்கும் வழக்கம் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அவர் போனார். அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு: காகித விளக்குகளின் ஊர். சுற்றிலும் மூங்கில், பக்கத்தில் மினோ வட்டாரத்தில் நல்ல கைக்காகிதம். முன்னோர்களை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்கு மலர்களும் புற்களும் தீட்டிய மெல்லிய விளக்குகள் அங்கிருந்து நாடெங்கும் போயின. போருக்குப் பிறகு அந்தத் தொழில் நொடித்துப்போயிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும்படி ஏதாவது செய்து தர முடியுமா என்று நகர மேயர் நொகுச்சியிடம் கேட்டார்.

1891-இல் தொடங்கப்பட்ட ஒசெகி நிறுவனத்தின் பட்டறைக்குப் போய் அவர் வேலையைப் பார்த்தார். உடனே முதல் வடிவங்களை வரைந்தார். மெழுகுவத்திக்குப் பதிலாக மின்பல்பு. மேலும் கீழும் இருந்த தடித்த மரவளையங்கள் போயின. பூ ஓவியங்களும் போயின. ஜப்பானியர் சிலர் இவை அழகு குலைந்த விளக்குகள் என்று முகம் சுளித்தார்கள். அலங்காரத்தைக் கழித்ததும் எஞ்சி நின்றது காகிதத்தின் தோலும் மூங்கிலின் எலும்பும்தான். சிற்பிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செய்முறையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இந்த விளக்கின் வடிவம் எப்படி வருகிறது என்று புரியும். முதலில் ஒரு மர அச்சு. அது திடமான கட்டை இல்லை. பிறை போல் வெட்டிய பலகைகள் பலவற்றை, மேலும் கீழும் இருக்கும் வட்டத் தட்டுகளின் காடிகளில் செங்குத்தாகப் பொருத்தி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உரித்த ஆரஞ்சின் சுளைகள் இடைவெளி விட்டு நிற்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு பலகையின் வெளி விளிம்பிலும் வரிசையாகப் பற்கள். நூல்போல் மெலிதாகச் சீவிய மூங்கில் சிம்பை அந்தப் பற்களில் பதியவைத்து, கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். தனித்தனி வளையங்கள் அல்ல. நுனியோடு நுனி ஒட்டி நீட்டிய ஒரே சிம்பு, சுருளாக ஏறுகிறது. கிஃபு விளக்கின் தனித்தன்மை இது. இந்தச் சுருள்தான் விளக்கு துருத்திபோல் மடிந்து தட்டையாவதற்குக் காரணம்.

அடுத்தது காகிதம். கோசோ என்ற முசுக்கொட்டை வகைச் செடியின் உட்பட்டையிலிருந்து செய்வது. இதன் நார்கள் நீளமானவை. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், கைக்கு மெல்லியதாகப் பட்டாலும் இழுத்தால் எளிதில் கிழியாது. இரண்டு பலகைகளுக்கு இடைப்பட்ட பகுதியின் மூங்கில்மேல் தூரிகையால் பசை தடவி, அளவாக வெட்டிய காகிதத் துண்டை ஒட்டுவார்கள். அடுத்த துண்டு முந்தையதன் விளிம்பில் ஒரு மயிரிழை ஏறியிருக்கவேண்டும். மிஞ்சியதைச் சவரக்கத்தியால் வெட்டி எடுக்கிறார்கள். கத்தி மேலுள்ள காகிதத்தை அறுக்கவேண்டும், அடியில் இருப்பதைத் தொடக்கூடாது. ஒட்டி முடித்துக் காய்ந்ததும் அச்சின் தட்டுகளைக் கழற்றி, பலகைகளை ஒவ்வொன்றாக விளக்கின் வாய் வழியே உருவிவிடுவார்கள். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு சுருளை விரலால் அழுத்தி மடித்துப் பழக்குவார்கள்.

சிற்பக்கலை தெரிந்தவர்களுக்கு இந்த வரிசை ஆச்சரியமாக இருக்கும். கல்லில் செதுக்கினால் வேண்டாததை எடுத்துவிட்டு எடையை மிச்சம் வைக்கிறோம். இங்கே எடை முழுவதையும் வாய் வழியே வெளியே எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். இருக்கிற கல்லையெல்லாம் நகர்த்திப் பார்த்துவிட்ட ஒரு சிற்பிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்!

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் திரும்பத் திரும்பக் கிஃபுவுக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைச் சேர்த்தார். மூன்று மெல்லிய கம்பிக் கால்களில் நிற்கும் சிறிய 1ஏ விளக்கிலிருந்து, ஆளுயரத்துக்கு மேல் எழும் தூண்கள் வரை இருக்கின்றன. 55ஏ, 75ஏ, 120ஏ என்று உருண்டைகளுக்கு வைத்த பெயர்களில் எண் குறிப்பது சென்டிமீட்டர் கணக்கிலான குறுக்களவை. தொடக்கத்தில் மூங்கில் சீரான இடைவெளியில் சுற்றப்பட்டது. பின்னர் சில வரிசைகளில் சுற்றை நொகுச்சி வேண்டுமென்றே கலைத்தார்: ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் சாய்ந்தும் ஓடும் கோடுகள். விளக்கு அணைந்திருக்கும்போது இந்தக் கோடுகள் காகிதத்தின் மேலே புடைப்பாகத் தெரியும், பக்கவாட்டில் விழும் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் தன் நிழல் இருக்கும். விளக்கைப் போட்டதும் புடைப்பு மறைந்து அவை உள்ளிருந்து வரைந்த கருங்கோடுகளாகிவிடுகின்றன. காகிதம் இரட்டையாக ஒட்டிய இடம் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாக எழுகிறது. பகலில் கண்ட உருவமும் இரவில் காணும் உருவமும் வேறு வேறு. பெரும்பாலான அலங்கார விளக்குகள் அணைத்தவுடன் செத்த பொருளாகிவிடும். இது அப்படி ஆவதில்லை, அதுதான் நான் இதைச் சிற்பம் என்று சொல்வதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அறையோடு அதற்குள்ள உறவு. கனமான நாற்காலியோ வெண்கலச் சிலையோ தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விலகச் சொல்லும். அகாரிக்கு இடம் உண்டு, பாரம் இல்லை. சன்னல் திறந்தால் அசைகிறது. 120 சென்டிமீட்டர் உருண்டையைக்கூட ஒரு கையால் கழற்றலாம். அறையில் மிகப் பெரிய பொருளாக இருந்தும் அது எதையும் நெருக்குவதில்லை. இதனால்தான் பழைய மரவீட்டிலும், கான்கிரீட் அடுக்ககத்திலும், நூலக அறையிலும் அது சங்கடமில்லாமல் பொருந்திப்போகிறது.

போலிகள் இங்கேயும் விடவில்லை. வெள்ளைக் காகித உருண்டை இன்று உலகெங்கும் மாணவர் விடுதிகளில் தொங்குகிறது. ஐகியா விற்பதும் அந்த வழி வந்ததுதான். நொகுச்சி காப்புரிமைகள் வாங்கிப் பார்த்தார். அதைவிட நல்ல பதிலாக, நகலெடுப்பவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி புதிய வடிவங்களைச் செய்துகொண்டே இருந்தார். மலிவு உருண்டையின்மேல் எனக்கு வெறுப்பில்லை; கூசாத வெளிச்சம் எளிய அறைக்கும் கிடைப்பது நல்லதே. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இயந்திரக் காகிதத்தில் வெளிச்சம் ஒரே சீராக, மாவு பூசியதுபோல் இருக்கும். கைக்காகிதத்தில் நார்கள் அங்கங்கே திரண்டு மேகம்போல் கிடப்பதால் வெளிச்சத்துக்கு ஆழம் வருகிறது.

1986-இல் வெனிஸ் பினாலேயில் அமெரிக்காவின் சார்பில் அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. வெளியே ஒரு வெண்பளிங்குச் சறுக்கு மரம்: சுருளாக ஏறி இறங்குவது, குழந்தைகள் உண்மையிலேயே சறுக்கி விளையாடக்கூடியது. இந்தியப் பயணத்தில் கண்ட ஜந்தர் மந்தரின் கல் ஏணிகளும் வளைவுகளும் அதற்குப் பின்னால் இருந்தன. அரங்குக்குள்ளே கல் சிற்பங்களோடு அகாரி விளக்குகள். எது சிற்பம் என்ற கேள்வியையே கண்காட்சியின் தலைப்பாக வைத்திருந்தார். 81 வயதில், கலையுலகின் மிகப் பெரிய மேடையில், கடையில் விற்கும் விளக்குகளைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதைச் சிலர் ரசிக்கவில்லை. பெரும் பரிசு கைநழுவியதற்கு விளக்குகள் காரணமாக இருந்திருக்கலாம் என்று பேச்சு இருந்தது. ஆனால் அவர் அவற்றை விலக்கிவைக்க ஒப்பவில்லை.

இன்றைய சேகரிப்புச் சந்தை வேறு தர்க்கத்தில் ஓடுகிறது. வடிவமைப்பாளர் மார்க் நியூசனின் லாக்ஹீட் லவுஞ்ச் என்ற அலுமினியச் சாய்விருக்கை 2015-இல் லண்டனில் 24 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஃபைபர் கண்ணாடி உடல்மேல் அலுமினியத் தகடுகளைச் சுத்தியலால் தட்டி வளைத்துத் தறையாணியால் பொருத்தியது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்கள். அதன் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் யார் சாய்வார்கள்? எண்ணிக்கையைக் கட்டிப்போட்டு விலையை ஏற்றும் வழக்கம், வீட்டுப் பொருளைக் கிடங்குப் பொருளாக்கிவிடுகிறது. காப்பீடும் பூட்டும் போட்டு வைத்த நாற்காலி, நாற்காலியின் வேலையை நிறுத்திவிட்டது.

அகாரி வாங்க நினைப்பவர்கள் பார்க்கவேண்டியவை சில. உண்மையான விளக்கின் காகிதத்தில் சூரியனையும் பிறையையும் கொண்ட சிவப்பு முத்திரை அச்சிட்டிருக்கும். இன்றும் எல்லாவற்றையும் கிஃபுவில் ஒசெகியே செய்கிறது. உள்ளே தெளிந்த கண்ணாடிப் பல்பு போடக்கூடாது. அதன் இழை காகிதத்தில் சூடான புள்ளியாகத் தெரியும். பால் நிறப் பல்பு, 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயல், அளவான வெளிச்சம் போதும். குண்டு பல்புக் காலத்தில் காகிதம் கருகுமோ என்ற அச்சம் இருந்தது, எல்ஈடி வந்தபின் அது நீங்கிவிட்டது. மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிடாதீர்கள். தூசியை மெல்லிய உலர் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும், ஈரத்துணி படவே கூடாது.

ஆண்டுகள் போகக் காகிதம் மெல்ல மஞ்சளாகும். பழைய மேசையின் பலகையை மாற்றினால் ஏலத்தில் அதன் மதிப்பு சரிந்துவிடும். அகாரியில் அந்தக் கவலை இல்லை, கம்பிச் சட்டத்தையும் காலையும் அப்படியே வைத்துக்கொண்டு காகிதக் கூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நொகுச்சி அதை முதலிலேயே அமைத்திருக்கிறார். நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் தன் பட்டறைக்கு எதிரே 1985-இல் நொகுச்சி திறந்த அருங்காட்சியகத்தில் பெரும் கருங்கல் சிற்பங்களோடு அகாரி விளக்குகளும் காட்சிக்கு இருக்கின்றன. அங்குள்ள கடையில் அதே விளக்குகள் விற்கின்றன. கிழிந்துபோனவற்றுக்கு மாற்றுக் கூடும் தனியாகக் கிடைக்கிறது.